ஒரு வார மிஷன் டிரிப்: கம்போடியாவா, மலையகமா, கப்பலா, காணிக்கையா?

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தப் பேச்சு கிளம்பும். ஜூன் விடுமுறைக்கு முன்னால் ஒன்று, ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்னால் ஒன்று. ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, ‘ஊழியப் பயணத்துக்கு வர விருப்பமுள்ள வாலிபர்கள் பெயர் கொடுக்கலாம்’ என்பார்கள். ஊழியப் பயணம் என்பது அறிவிப்புத் தாளில் மட்டும்தான். மற்றபடி எல்லோருக்கும் அது மிஷன் டிரிப்: ஒரு வாரம் வெளிநாடு போய் அங்குள்ள சபைக்கு உதவிவிட்டு வருவது. எந்த நாடு என்பதைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்வதில்லை. டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, அங்கே ஒரு போதகரை யாருக்கோ தெரியும், போன முறை போனவர்கள் ‘ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு’ என்றார்கள். அவ்வளவுதான்.

மிஷன் கமிட்டியில் இருப்பதால் பெற்றோர் என்னைப் பிடித்து, ‘எந்த டிரிப்புக்குப் பிள்ளையை அனுப்பலாம், சொல்லுங்க’ என்று கேட்பதுண்டு. எல்லா டிரிப்பும் ஒன்றல்ல என்பதுதான் என் பதில். நான் பார்ப்பது இரண்டே விஷயம். நம்மைக் கூப்பிட்டது யார், எந்த வேலைக்கு? நாம் விமானம் ஏறிய மறுநாள் அந்த வேலையை யார் செய்வார்கள்? இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் இருக்கிற இடத்துக்குப் போகலாம். தேவை எங்கே அதிகம் என்று பார்த்துப் போவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தேவை அதிகமான இடத்தில் மொழி தெரியாத பதினைந்து பேர் ஒரு வாரத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு.

முதலில் கம்போடியா. சிங்கப்பூர்ச் சபைகளுக்குப் பழகிய ரூட். விமானத்தில் இரண்டு மணி நேரம், செலவு கையைக் கடிக்காது, புனோம்பென்னைத் தாண்டி ஒரு மணி நேரம் வேனில் போனால் கிராமம். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி அந்த நாட்டைச் சிதைத்தது. அதன் பிறகு வெளிநாட்டுச் சபைகள் ஏராளமாக அங்கே வேலை தொடங்கின. நம் குழுக்களின் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: காலையில் விபிஎஸ் (சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), மத்தியானம் சிறுவர் விளையாட்டு, ஒரு நாள் வீடு கட்டும் உதவி, ஒரு நாள் அநாதை இல்லம், கடைசி நாள் அங்கோர்வாட்டோ சந்தையோ.

விபிஎஸ் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நம் பெண் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வாள். மொழிபெயர்க்க வந்த கல்லூரிப் பையன் அதைக் கெமரில் சொல்வான். இரண்டு மணி நேர வகுப்பில் பாதி இப்படியே போய்விடும். சொன்ன நகைச்சுவைக்கு அரை நிமிஷம் கழித்துச் சிரிப்பு வரும், பல நேரம் வராது. செய்கைப் பாட்டு மட்டும் களைகட்டும், அதற்கு மொழி வேண்டாம். இதற்கு நடுவில் பின்வரிசையில் ஒரு அக்கா நின்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டிருப்பார். அந்தச் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை அவர்தான். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கு அவர்தான் கதை சொல்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வெளிநாட்டுக் குழு வந்த வாரத்தில் அவர் பலகாரப் பொறுப்பாளர் ஆகிவிட்டார்.

கம்போடியா என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வீடு வீடாகப் போய் மதப் பிரசாரம் செய்ய அரசுத் தடை உண்டு. பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் சொல்வதும் கூடாது. அரிசிப் பையைக் கையில் கொடுத்துவிட்டு அதே மூச்சில் சுவிசேஷப் பிரதி நீட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நமக்கு அது அன்பு. பார்க்கிறவர்களுக்கும் சட்டத்துக்கும் அது வேறு மாதிரித் தெரியும். நாம் வந்துவிடுவோம், விசாரணைக்குப் போய் நிற்பது உள்ளூர்ப் போதகர்.

அந்த அரை நாள் அநாதை இல்லத்தைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு: நிரலில் இருந்தால் அடித்துவிடுங்கள். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதை அரசும் யுனிசெஃபும் பல வருஷம் முன்பே கண்டு சொல்லிவிட்டன. ஏழைப் பெற்றோரிடம் ‘பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் கிடைக்கும்’ என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் பார்வையாளர்கள் வருவார்கள், பார்வையாளர்கள் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் இன்னும் பிள்ளைகள் தேவைப்படுவார்கள். பலூனும் கிட்டாருமாக நாம் போய் நிற்கும்போது அந்தச் சுழற்சியில் நாமும் ஒரு கண்ணி. புனோம்பென்னில் இயங்கும் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, ‘பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல’ என்றே ஒரு பிரசாரம் நடத்தியது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அந்தப் பேச்சுக்குள் கொண்டுவந்துவிட்டது. நல்ல மனசு இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஹெய்ட்டியை ஞாபகப்படுத்துவேன். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து போன பாப்டிஸ்ட் குழு ஒன்று 33 பிள்ளைகளை டொமினிக்கன் குடியரசுக்குக் கூட்டிப்போகும் வழியில் எல்லையில் பிடிபட்டது. பத்துப் பேரும் கைதானார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள்.

வீடு கட்டும் உதவி? இதற்கு அளந்து பார்த்த ஓர் ஆய்வே இருக்கிறது. 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டபோது வட அமெரிக்கச் சபைகள் குழு குழுவாகப் போய் வீடு கட்டின. அங்கேயே தங்கி வேலை பார்த்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் பிறகு கணக்குப் பார்த்தார். உள்ளூர் ஆட்கள் கட்டினால் சுமார் 2,000 டாலரில் முடிகிற வீடு. குழு வந்து கட்டினால் பயணச் செலவெல்லாம் சேர்த்து 30,000 டாலர் வரை போனது. வீடு கிடைத்த குடும்பங்களிடம் விசாரித்தால், வெளிநாட்டார் கட்டியதற்கும் உள்ளூரார் கட்டியதற்கும் அவர்கள் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. போய்வந்தவர்களில் பலர், ‘இப்போது காணிக்கை அதிகமாகக் கொடுக்கிறோம்’ என்றார்கள். வரவுக் கணக்கில் அந்த அளவுக்குத் தெரியவில்லை. செங்கல் தூக்கத் தெரியாத பையனைச் செங்கல் தூக்க அனுப்புவதில் அவனுக்கு நல்ல அனுபவம் கிடைக்கலாம். கொத்தனாருக்கு அந்த வாரக் கூலி போய்விடும்.

சரி, கம்போடியாவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. பல வருஷமாக அங்கே தங்கி வேலை செய்கிற ஆள் நம் சபைக்கோ மெதடிஸ்ட் மிஷன் சங்கம் போன்ற அமைப்புக்கோ இருந்து, அவர் ‘இந்த ஆறு பேர் வேண்டும், இந்த வேலைக்கு’ என்று கேட்டால் போகலாம். கணக்கர், ஆங்கில ஆசிரியர், பல் டாக்டர் என்று ஆள் குறிப்பிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. பதினைந்து பேர் தயார், வேலை ஏதாவது கொடுங்கள் என்று நாம் கேட்கிற டிரிப்தான் பிரச்சினை.

அடுத்தது மலையகம், அதாவது இலங்கையின் நடுவிலுள்ள தேயிலைத் தோட்ட மலைப்பகுதி. என் ஓட்டு இதற்குத்தான். காரணம் ரொம்பச் சாதாரணம். அங்கே போனால் நமக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

மலையகத் தோட்டத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். நம்மில் பலருடைய தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிய கதையும் இதே கதைதான், இறங்கிய துறைமுகம் மட்டும் வேறு. தோட்டத் தொழிலாளர் நடுவே வேலை செய்யவென்று 1854லேயே ஒரு தமிழ் மிஷன் தொடங்கியது. இன்றும் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் தோட்டங்களுக்குள் சின்னச் சின்னத் தமிழ்ச் சபைகள் உண்டு. கொழும்புக்கு விமானத்தில் நான்கு மணி நேரம், அப்புறம் ஹட்டனுக்கு வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் நான்கைந்து மணி நேரம். வாந்தி வரும், மாத்திரை எடுத்துப் போங்கள்.

அங்குள்ள போதகர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் கூட்டம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் குறைவு. சாதாரணதர (ஓ லெவல்) பரீட்சைக்குப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பார்கள். நம் ஜேசி (ஜூனியர் காலேஜ்) பிள்ளைகளுக்கு இது கைவந்த வேலை. ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது, ஒளிக்க விரும்பவில்லை. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் தகராறு. வீட்டில் ஆங்கிலம், தமிழ் பரீட்சைக்கு மட்டும். ஒரு தடவை நம் பெண் ஒருத்தி பின்னத்தை விளக்கத் தமிழ்ச் சொல் தேடித் திணறியபோது, முன்வரிசையில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, ‘அக்கா, நீங்க இங்கிலீஷ்லயே சொல்லுங்க, நாங்க தமிழ்ல திருப்பிச் சொல்றோம், சரியான்னு பாருங்க’ என்றாள். வகுப்பே சிரித்தது. அந்த மத்தியானத்திலிருந்து இரண்டு பக்கமும் பாடம் நடந்தது. இது கம்போடியாவில் நடந்திருக்காது. அங்கே நாம் எப்போதும் கொடுக்கிற ஆள், அவர்கள் எப்போதும் வாங்குகிற ஆள்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அதில் பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த கூட்டம். ஏழைகளுக்குப் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். நூறு வருஷம் தாண்டியும் மிஷன் படிப்புகளில் இந்தப் பேச்சு மேற்கோளாக வருகிறது. திருநெல்வேலியைப் பூர்வீகமாகக் கொண்ட நம் சபைகளில் இதைச் சொன்னால் எல்லோரும் பெருமையாகத் தலையாட்டுவார்கள். இப்போது அந்த மாநாட்டு மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது நாம்தான் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

மலையகம் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். தோட்டத்தை நடத்துவது கம்பெனி. லயங்களுக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) போகத் தொரையிடம் (தோட்ட மேலாளர்) அனுமதி கேட்கச் சொல்லிப் போதகரிடம் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வார நாளில் பெரியவர்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், சாயங்காலம்தான் வீட்டில் பார்க்கலாம். அன்றைய கூலியை விட்டுவிட்டு நம் கூட்டத்துக்கு யாரும் வரத் தேவையில்லை. சுற்றுலா விசாவில் மேடை போட்டுப் பிரசங்கிக்கத் திட்டமிடாதீர்கள்; எதற்கு எந்த விசா என்று கூப்பிடுகிற சபை மூலமாகவே கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, அன்பளிப்புப் பை. லயத்தில் பத்து வீடு ஒட்டி ஒட்டி இருக்கும், அதில் ஏழு இந்துக் குடும்பம், மூன்று நம் சபைக் குடும்பம். மூன்று வீட்டுக்கு மட்டும் பளபளப்பான பை கொடுத்துவிட்டு நாம் வந்துவிட்டால், அந்தப் பொதுத் தண்ணீர்க் குழாயடியில் மறுநாள் காலை நடக்கும் பேச்சை யார் கேட்பது?

குழுவுக்குச் சமைக்கிறவர்களையும் கணக்கில் எடுங்கள். போதகர் வீட்டு அக்கா விடியற்காலையில் எழுந்து பதினைந்து பேருக்குக் குடிக்கத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைப்பார். நமக்கு வெளித்தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். விறகு, அரிசி, அவருடைய ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் முன்பணம் அனுப்புங்கள். கடைசி நாள் காணிக்கை உறையில் வைத்து ‘ஆசீர்வாதமாக’ கொடுப்பது போதாது. எட்டுப் பேருக்கு மேல் போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

தமிழ்நாடு? பூர்வீக ஊர், பாட்டி வீடு, தமிழும் ஓடும். அப்படியானால் அதுதானே முதல் தேர்வு என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் சுற்றுலா விசாவில் மிஷனரி வேலை செய்யக் கூடாது, அதற்குத் தனி விசா. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா கொடுப்பது) இருந்தால் எல்லாம் செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். 2021 அறிவிப்பின்படி ஓசிஐ வைத்திருப்பவரும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பணத்தைக் கையில் கொண்டுபோய் ஊழியக்காரரிடம் கொடுப்பதும் ஆபத்து. வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், பதிவுள்ள அமைப்பும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையிலுள்ள கணக்கு வழியாகத்தான் வாங்க முடியும். உறவினரைப் பார்க்கப் போங்கள், ஊர்ச் சபை ஆராதனையில் உட்காருங்கள், பணித்தளத்தில் இருந்து திரும்பியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அதை மிஷன் டிரிப் என்று பதிவேற்ற வேண்டாம். நேபாளத்துக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாக: 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதமாற்றத்துக்கு ஐந்து வருஷம் வரை சிறை, வெளிநாட்டவரானால் நாடு கடத்தலும் உண்டு.

கப்பல் என்றால் சில பேர் சிரிக்கிறார்கள், ஆனால் கையில் தொழில் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ மருத்துவக் கப்பல் அமைப்பு 1978இல் தொடங்கியது. அதன் குளோபல் மெர்சி கப்பலில் ஆறு அறுவைசிகிச்சை அரங்கும் 199 படுக்கையும் இருக்கின்றன. செனகல், சியரா லியோன் போன்ற நாடுகளின் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்று, பிளவுபட்ட உதடு, முகக் கட்டி, வளைந்த கால் என்று இலவசமாகச் சிகிச்சை செய்கிறது. அங்கே டாக்டர், நர்ஸ் மட்டும் இல்லை, சமையல்காரர், எலக்ட்ரீஷியன், துணி துவைக்கிறவர் எல்லோரும் தொண்டர்கள், விமான டிக்கெட் போன்ற சொந்தச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். சில வேலைக்கு இரண்டு வாரம் போதும், பலவற்றுக்கு மாதங்கள் கேட்பார்கள். ஒரு வாரத்தில் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற மருத்துவ முகாமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் யோசிக்க வேண்டியது. மாத்திரை தீர்ந்ததும் அந்தப் பெரியவரின் பிரஷர் பழைய இடத்துக்கே வந்துவிடும். அறுவைசிகிச்சை முடிந்த உதடு அப்படித் திரும்பாது, அதன் பின் கவனிப்புக்கும் கப்பல் அங்கேயே நிற்கிறது.

என்எஸ் (கட்டாயத் தேசிய சேவை) முடித்துப் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை இடைவெளி இருக்கும் பையன்களுக்கு இன்னும் இரண்டு வழி: ஓஎம் (ஆபரேஷன் மொபிலைசேஷன்) என்ற மிஷன் அமைப்பின் புத்தகக் கப்பலான லோகோஸ் ஹோப், அல்லது யூத் வித் எ மிஷனின் சீஷத்துவப் பயிற்சி. பின்னது ஐந்தாறு மாதம், முதல் பாதி வகுப்பு, மறு பாதி வெளியூர். லோகோஸ் ஹோப்புக்கு முந்தின தூலோஸ் கப்பல் 1914இல் கட்டியது. இப்போது பக்கத்து இந்தோனேசியத் தீவான பின்டானில் கரையேற்றி ஹோட்டலாக்கிவிட்டார்கள். ஆசைப்பட்டால் ஃபெர்ரி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதற்கு ஜெபக் குறிப்பு தேவையில்லை.

கடைசியாக, போகாமல் அனுப்புவது. பதினைந்து பேர், தலைக்கு ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் பதினையாயிரம். அந்தப் பணத்தை அங்குள்ள ஊழியர் சம்பளத்துக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் அனுப்பினால் எவ்வளவு நாள் ஓடும் என்று அந்த ஊர்ப் போதகரையே கேளுங்கள், பதிலைக் கேட்டுக் கமிட்டியில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும். போகாவிட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது வழக்கமான எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது தெலுங்கு நாட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தா நம் பாட்டிமார் கொடுத்தார்கள்? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துப்போட்ட பிடி அரிசிக் காணிக்கை நம் சபைகளின் பழக்கம். பார்க்காத ஊருக்குக் கொடுக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் என்னைக் கேட்கிறவர்களிடம் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறேன். நர்ஸ், டெக்னீஷியன், சமையல் தெரிந்தவர், இரண்டு வாரத்துக்கு மேல் லீவு போட முடிந்தவர்: கப்பலுக்கு விண்ணப்பியுங்கள். மாணவர், ஓரளவு தமிழ் பேசுவார், அடுத்த வருஷமும் அதே பிள்ளைகளைப் பார்க்கப் போகத் தயார்: மலையகம். ‘அடுத்த வருஷம் நிச்சயமில்லை, இந்த ஒரு தடவை போய்ப் பார்க்கணும்’ என்கிறவர்: டிக்கெட் பணத்தை அனுப்பிவிட்டு, சொந்தக் காசில் சுற்றுலா போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. குழுவாகக் கம்போடியா போவது என்று சபை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதா? அப்படியானால் அநாதை இல்லத்தை நிரலிலிருந்து எடுங்கள், விபிஎஸ்ஸை அந்த அக்கா நடத்தட்டும், நம் பிள்ளைகள் பிஸ்கட் பிரிக்கட்டும்.

மலையகம் என்று முடிவானால் மாதம் பார்த்துப் போடுங்கள். ஜூனில் நமக்கு விடுமுறை, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும், அட்டை கடிக்கும், ரோட்டில் மண் சரியும். ஆனால் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற காலம், பாடத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று வகுப்பு ஆசிரியரிடமே கேட்டு உட்காரலாம். டிசம்பரில் ஹட்டன் பக்கம் மழை குறையும், அவர்களுக்கும் விடுமுறை, பிள்ளைகள் பகலிலேயே கிடைப்பார்கள். கிறிஸ்துமஸ் வேலையில் போதகருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. எது தோதாக இருக்கும் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். அவர் இரண்டுமே வேண்டாம், ஏப்ரலில் இரண்டு பேர் மட்டும் வாருங்கள் என்று சொன்னால், ஏப்ரலில் லீவு கிடைக்கிற இரண்டு பேர் யார் என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பார்ப்போம்.